அப்பா திட்டுகிறார்

ரோலா பஸ் நிலையத்திலிருந்து துபாய் போகும் பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவர் அன்று காலைதான் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பியிருந்தார்.

"உங்கப்பா அங்க நர்ஸைப் போட்டுத் திட்டுறாருண்ணே," என்றார்.

"அப்பாடா!" என்றார் மூத்தவர்.

இதென்ன பதில் என்று நான் காதைக் கொடுத்தேன். ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் அப்பா இருக்கிறார் என்பது பிறகு புரிந்தது.

"பழைய ஹோம்ல எது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்'னு மட்டும்தான் சொல்வாரு. சொல்றப்ப போனைப் பிடிச்சிருக்கிற ஆள் மூஞ்சியையே பாப்பாரு. முதுகுல புண்ணு வந்ததே அப்புறம்தான் தெரிஞ்சுது. புது ஹோமுக்கு மாத்தி மூணு மாசமா எனக்கு அதே பயம். எதுக்குத் திட்டுறாரு?"

"குளிக்கிற தண்ணி சூடு பத்தலையாம். அந்தப் பொண்ணு சிரிச்சிக்கிட்டே இன்னொரு வாளி கொண்டாந்துச்சு. நான் சொல்லாமக் கொள்ளாமத்தான் போனேன்ணே."

"முதுகைப் பாத்தியா?"

"சட்டையைத் தூக்கியே பாத்துட்டேன். புண்ணு ஆறித் தோல் மூடிருச்சு. நகம் வெட்டி விட்டிருக்காங்க. ரூம்ல மூத்திர வாடை இல்ல."

மூத்தவர் உடனே அப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு கிழக் குரல் அதட்டியது.

"சீட்டு ஆடிட்டிருக்கேன்டா. நல்ல கை வந்திருக்கு. அப்புறம் கூப்பிடு!"

போன் கட்டாகிவிட்டது.

"என்னைக் கண்டுக்கவே இல்ல பாரு," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அவர் சிரித்தார்.