சம்ப்புக்குள் நீச்சல் பழகியவன்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்தவன் சொன்னான்:

"வூட்டுக்காரம்மா சம்ப்பு மூடியத் தொறந்தா, உள்ள நான் ஸ்பேனரோட நிக்கிறேன் மச்சான்."

"அய்யே, வூடே குடிக்கிற தண்ணியாச்சே! அதுல இன்னாத்துக்குடா எறங்குன?"

"நீதான சொன்ன, விண்வெளி ஸ்டேஷனுக்குப் போறவங்களே தண்ணிக்கடியில நட்டு முடுக்கித்தான் பழகுறாங்கன்னு. இன்னிக்கு நீச்சல் குளத்துல குதிச்சுக் காட்டலன்னா, கடல்ல எண்ணெய் எடுக்குற கம்பெனி ஃபிட்டர் வேலை போச்சு."

"கம்பெனிக்காரங்க குளம் ஆழம்டா. சம்ப்புல உனுக்குக் காலு எட்டுமே!"

"அதான் பயமா கீது. விண்வெளிக்குப் போறவங்க முழுகுனா புடிக்க, பக்கத்துலயே ஆளுங்க நீந்திக்கினு இருப்பாங்களாம். எனுக்கு?"

"நான் வரேன்ல?"

"உனுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. ஆனா உன்னவிட சத்தமா கத்துவேன்."

நீச்சல் குளத்து ஸ்டாப்பு நெருங்கியும் ஜன்னலோரத்தான் எழுந்திருக்கவில்லை. மச்சான்காரன் அவன் பையைப் பிடுங்கிக்கொண்டு முதலில் இறங்கினான்.

"டேய், என் பை!"

பஸ் நிற்பதற்குள் அவனும் படியிலிருந்து ஒரே குதியாகக் குதித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே மச்சான் குரல்: "பாத்தியா, குதிச்சிட்ட!"