கருகாத கைப்பிரதி

கண்ணாடிப் பேழையைத் தொடாதீர்கள் என்று எழுதி மாட்டினால்தான் எல்லோரும் தொடுகிறார்கள், ஐயா. அருங்காட்சியகத்தில் கைப்பிரதிகளுக்குப் பொறுப்பாளன் நான். விரல் தடங்களைத் துடைப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

அன்று வந்தவர் தொடவில்லை. கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். உள்ளே இருந்தது அவரே எழுதிய நாவல். எண்பதைத் தாண்டியவர், காது சுத்தமாகக் கேட்காது.

"என் கையெழுத்தா இது? கோழி கிண்டுன மாதிரி இருக்கு" என்று சிரித்தார். "நல்லா வச்சிருக்கீங்க தம்பி. என்னையே யாரும் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல."

கூட வந்த மகள் அவரைச் செல்லமாக முறைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கப் போனாள். நான் வாசல் மேசைக்கு வந்தேன்.

அப்போதுதான் உள்ளே ஒரு விளக்கின் வயர் புகைந்தது. அபாய மணி அடித்தது. அந்த அறையில் தண்ணீர் தெளிக்க மாட்டோம், மை கரைந்துவிடும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சற்றுப் பொறுத்துக் கரியமில வாயு இறங்கும். நெருப்பு மூச்சடைத்து அணையும். மனிதருக்கும் அதே கதிதான். வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தால் வாயு இறங்காது.

அவருக்கு மணி கேட்கவில்லை. கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். ஏதோ ஒரு வரியை உதடசைத்து வாசித்துக்கொண்டிருந்தார். புகை பேழைப் பக்கம் நகர்ந்தது.

மகள் ஓடிவந்தாள். "சார், அப்பா உள்ள இருக்காரு. கதவத் திறங்க."

"திறந்தா நெருப்பு பரவிரும்மா. எல்லாம் போயிரும்."

"போகட்டும் சார். அப்பா சார்."

"இரும்மா, சாவியத் தேடுறேன்."

அவள் கண்ணாடியை அறைந்தாள். அவர் திரும்பி மகளைப் பார்த்துக் கையசைத்தார், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்பதுபோல. பிறகு வாயு இறங்கியது. அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நான் இழுப்பறை இழுப்பறையாகத் துழாவினேன். அழக்கூடச் செய்தேன், அந்தப் பெண்ணே சாட்சி சொல்வாள்.

மின்சாரத்தை நிறுத்தியிருந்தாலே அணைந்திருக்கும் என்கிறார்கள் விசாரணைக்கு வந்த உங்கள் ஆட்கள். எனக்கு அப்போது எப்படித் தெரியும்? அந்தப் பிரதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஐயா.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. தெரிந்துதான் இழுப்பறைகளில் தேடினேன்.

எல்லாம் அடங்கிய பிறகு கதவைத் திறந்தேன். முதலில் பேழையைத்தான் பார்த்தேன். ஒரு தாளின் ஓரம்கூடக் கருகவில்லை. ஆறுதலாக இருக்கட்டுமென்று அதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். ஏனோ அவள் பேழையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பாவின் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.