சக்கைக்குப் போன வண்டி

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஏசி நன்றாக வேலை செய்யும், மேடம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேர்த்து விறுவிறுத்து, பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று நாளைக்கு எனக்காக வருகிற வக்கீல் உங்களிடம் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். அன்று மதியம் சாளை மீன் குழம்பும் சோறும் வயிறாரச் சாப்பிட்டு, வாடை போகக் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். யார் நூறை அழுத்தினாலும் அழைப்பு சென்னைக்குப் போகும். அங்கிருந்து விவரம் எங்கள் திரைக்கு வரும். நாங்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிற ரோந்து வண்டியை மைக்கில் அனுப்ப வேண்டும். உயிர் காக்கும் பணி என்று சொல்லித்தான் பயிற்சிப் பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால், கோட்டாற்றில் ஒருவர் தன் பைக்குக்கு முன்னால் இன்னொருவர் பைக்கை நிறுத்திவிட்டார் என்று அழுகிறார். பையன் முட்டை தின்ன மாட்டேன் என்கிறான், போலீஸ் வந்து ஒரு சத்தம் போட வேண்டும் என்று ஓர் அம்மா கேட்கிறாள். நாடு பத்திரமாகத்தான் இருக்கிறது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஏட்டு குமாரதாஸ் சார். தங்கமான மனுஷன். "கூப்பிடுதவங்க பதறுவாங்க பிள்ளே, நீ பதறப்பிடாது. கொரல் ஒரே மாதிரி இருக்கணும், கேட்டியா?" என்பார். குடும்பத் தகராறு வந்தால் சிரித்துக்கொள்வார். "சட்டியும் பானையும்னா முட்டத்தான் செய்யும். நம்ம வண்டி போய்ச் சேருததுக்குள்ள ரெண்டும் ஒண்ணா இருந்து சாயா குடிச்சிட்டிருக்கும்." எவ்வளவு அனுபவம் பாருங்கள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஜின் வளைகுடாவில் இருந்து லீவில் வந்தவன். அங்கேயே வேறு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்திருந்தது. ஒன்று மட்டும்தான் பாக்கி. அவன்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ். பி.சி.சி. என்றால் நம் மாவட்டத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். அது வராமல் விமானம் ஏற முடியாது. வீட்டு வாசலில் ஒரு ரோந்து வண்டி வந்து நின்று, ஒரு புகார் எழுதப்பட்டால் போதும், எல்லாம் போயிற்று. அவன் சம்பாதித்து அனுப்பித்தான் நான் படித்தேன், இந்தக் காக்கிச்சட்டையைப் போட்டேன். நன்றி கெட்டவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அவன் மனைவி ஜிஷா. அவள்மேல் எனக்குக் கோபம் உண்டா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை. அன்று காலை என் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுத் தந்ததே அவள்தான். இடது கையால் போட்டாள். வலது கை வீங்கியிருந்தது. அதற்கு நான் தைலம் தேய்த்துவிட்டேன். எங்களுக்குள் அவ்வளவு ஒட்டுதல்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற அவள் அப்பாவுக்கு போன் போட்டு, கை வீங்கிய கதையைச் சொல்லிவிட்டாள். குடும்ப விஷயத்தை இப்படி வெளியே கொட்டலாமா? அண்ணனுக்குத் தெரிந்தால் கோபம் வராதா? வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். குமாரதாஸ் சார் சாயா குடிக்க வெளியே போயிருந்தார். பயிற்சியில் இருக்கிறவள் தனியாக எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பது விதி. விதியைச் சொல்லித்தந்தவர் சாயாக் கடையில் இருந்தார்.

திரையில் இரண்டு அழைப்புகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் இரணியல் பக்கம். முதலாவது வைகுண்டராஜன் என்ற கடைக்காரருடையது. பக்கத்து வீட்டுப் பலாமரத்திலிருந்து ஒரு சக்கை விழுந்து அவருடைய ஷெட்டின் கூரை உடைந்துவிட்டது. "இது கொலை முயற்சியாக்கும். அப்பிடியே எழுதணும்," என்றார். எழுதிக்கொண்டேன்.

இரண்டாவதாக வந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏட்டி பிரீனா, நீயா? ஸ்தோத்திரம் கர்த்தாவே," என்றாள் ஜிஷா. என் குரல் கேட்டதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி! "நான் குளிமுறியில பூட்டிட்டு இருக்கேன். ஒனக்க அண்ணன் கதவச் சவுட்டுதான். கையில என்னமோ வச்சிருக்கான். எனக்குப் பேடியா இருக்கு மக்கா. வண்டிய வரச் சொல்லு."

"வருது, நீ பதறாத," என்றேன்.

அப்போது மைக்கில் பிரதீஷ் அண்ணன் வந்தார். ரோந்து வண்டி ஓட்டுகிறவர். "பிரீனா, நாங்க இரணியல் ஸ்டேசன் ரோட்டுலதான் நிக்கோம். வேற கால் உண்டா?" என்று கேட்டார். அங்கிருந்து எங்கள் வீடு இரண்டு வளைவுதான்.

இந்த இடத்தில் நான் தடுமாறினேன் என்று எழுதாதீர்கள். தடுமாறவில்லை. "வேற இல்லண்ணே. சக்கைக்குப் போங்க," என்றேன். போனார்கள். மூன்று காவலர்கள் சக்கையை ஆராய்ந்து, இருதரப்பையும் ராசியாக்கி, ஆளுக்கொரு துண்டு சுளையோடு திரும்பி வந்தார்கள். ஜிஷாவின் அழைப்பைத் தவறுதலாக அழுத்தியது என்று போட்டு முடித்துவைத்தேன். அண்ணன் பெயர் எங்கும் வரவில்லை. சுத்தமான வேலை.

இதுவரைக்கும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மீதியையும் பதிவில் கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் என் வாயால் வர வேண்டும் என்கிறீர்கள். சரி.

வண்டியை அனுப்பாததால்தான் அவள் செத்தாள் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. அது தப்பு. அந்தக் குளியலறைக் கதவு நல்ல அயனி மரத்தில் செய்தது. அம்மா வரும்வரைக்கும் தாங்கியிருக்கும். நான் லைனை வைக்கவில்லை, மேடம். "வண்டி வாசல்ல வந்து நிக்கி. அண்ணனப் போலீஸ் பிடிச்சாச்சு. நீ கதவத் திற," என்று சொன்னேன்.

"நெசமாட்டா?" என்று கேட்டாள்.

"நான் பொய் சொல்லுவேனா மயினி?" என்றேன். அவள் தாழ்ப்பாளை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை, பதிவைப் போட்டபோது நீங்கள்தான் வேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்கள். நான் முழுதும் கேட்டேன். என் குரல் கடைசிவரை ஒரே மாதிரி இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். குமாரதாஸ் சார் பெருமைப்பட வேண்டிய இடம்.

ஏன் திறக்கச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அண்ணன் இல்லை போலிருக்கிறது. சின்ன வயதில் நானும் அதே குளியலறையில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். திறந்தால் நாலு அடியோடு முடியும், பிறகு அவனே மிட்டாய் வாங்கித் தருவான். திறக்காவிட்டால்தான் வெறி ஏறும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அம்மா எனக்குச் சொல்லித்தந்தாள். ஜிஷாவுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. நான் சொல்லித்தந்தேன். நாலு அடியோடு நிற்காமல் போனதற்கு அவள் வாய்தான் காரணம். கதவைத் திறந்ததும் "போலீஸ் எங்க?" என்று அவனிடம் கேட்டாள். அதை அவள் கேட்டிருக்கக் கூடாது.

எல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? எனக்கென்று எதுவும் வேண்டாம், மேடம். அண்ணனை லாக்கப்பில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். அதை மட்டும் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுங்கள். பூட்டின கதவைக் கண்டால் குத்திக்கொண்டே இருப்பான். கை வீங்கிவிடும், பாவம்.