கிண்ணம் சரியாகத்தான் இருந்தது

தலத்தெருவில் எங்கள் வீட்டுத் தரையைப் போலச் சுத்தமான தரையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், டாக்டர். இடுப்பு மூட்டு மாற்றி சலோமி அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு சொட்டு ஈரம் தங்க விட்டதில்லை. அவள் வழுக்கி விழவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாரிசிலிருந்து ஓடிவந்த அக்கா மகன் செல்வின் நேற்று உங்கள் அறையில் நின்று கத்தினான். இடுப்பில் பொருத்திய கிண்ணத்தை நீங்கள் கோணலாக வைத்ததால்தான் அதற்குள் சுழலும் பந்து கழன்றது என்றான். எக்ஸ்ரேயைக் காட்டிக் காட்டிச் சொன்னீர்கள், அவன் கேட்கவில்லை. குற்றமில்லாதவர் மேல் பழி விழுவதை என்னால் பொறுக்க முடியாது. நீங்கள் சரியாகத்தான் வைத்தீர்கள்.

அவனை வளர்த்தது நான். அத்தான் இறந்து அக்கா பள்ளிக்கூட வேலைக்குப் போனபோது, எனக்கு வந்த சம்பந்தங்களைத் தட்டிவிட்டு அவனுக்குச் சோறூட்டினேன். போன மாதம் போனில் சொல்கிறான்: “அம்மா நல்லா நடக்க ஆரம்பிச்சதும் இங்கயே கூட்டிக்கிறேன் சித்தி. வீட்ட நீங்க பாத்துக்கங்க.”

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பூட்டு போதும். நான் எதற்கு?

அக்கா சிரித்தாள். “ஒனக்கென்னடி ஜூலியட், கோயில் இருக்கு, பூனை இருக்கு.”

நான் கோபப்படவில்லை. ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு வாக்கரைப் பிடித்துக் கூடம் முழுக்க நடந்தாள். ஒவ்வோர் அடியும் விமானத்தை நோக்கி வைத்த அடி. என் வாழ்க்கையைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு போகிறவள் அவ்வளவு நிமிர்ந்து நடக்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அதிகம் குனியக் கூடாது, தாழ உட்காரக் கூடாது, மீறினால் பந்து கழன்றுவிடும் என்று நீங்கள் என்னிடம்தான் விளக்கினீர்கள். நன்றாக விளக்கினீர்கள்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போக முடியவில்லையே என்று அக்கா அழுதாள். ஒரு வருடமும் சிலுவையை முத்தி செய்யாமல் இருந்தவளில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் சிலுவையோடு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை எடுத்துவந்தேன். அவள் கையில் கொடுத்திருக்கலாம். கோயிலில் வைப்பதுபோல் தரையில் தலையணை போட்டுக் கிடத்தினேன்.

“குனியலாமாடி?”

“ஆண்டவருக்கு முன்னால குனியறதுக்கு டாக்டர்ட்ட கேக்கணுமாக்கா?”

தோளைப் பிடித்து மண்டியிட வைத்தேன். பாதியில் தயங்கினாள். முதுகில் கை வைத்து மெல்ல அழுத்தினேன். அவள் உதடு ஆண்டவர் பாதத்தைத் தொட்ட பிறகுதான் இடுப்பில் அந்தச் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

இன்னொரு முறை கழன்றால் திரும்ப அறுக்க வேண்டும், அப்புறம் நடப்பது சந்தேகம் என்றீர்கள். நாளை அவளை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அவளுடைய நாற்காலி உயரம்; ஏறி உட்காரச் சிரமப்படுவாளே என்று இன்று காலை தச்சரைக் கூப்பிட்டு நான்கு கால்களையும் அறுத்துக் குட்டையாக்கி வைத்திருக்கிறேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய, அக்காவுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், டாக்டர்?