அடுத்த மீன் பார்த்த மாப்பிள்ளை

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, அக்காவை இழந்து முன்வரிசையில் இருக்கும் நம் பேராசிரியரின் தங்கை அவர்களே, உட்கார இடமில்லாமல் நிற்கும் மாணவர்களே, வணக்கம்.

எனக்கு முன் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார்கள். முதலில் சொன்னவர் யோசித்துச் சொன்னார். மற்றவர்கள்? மன்னிக்க வேண்டும், எனக்குக் கோபம் வருகிறது. பேராசிரியர் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தது இதைத்தானே!

அவர் கணிதத் துறை. நான் விலங்கியல்; மீன் தொட்டிகள் என் பொறுப்பு. பெண் மீன் தன் துணையை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு அவர் சமன்பாடு எழுதினார். இந்த வளாகம் அவருக்கு வைத்த பெயர் "கல்யாணத் தரகர்". "கமிஷன்தான் வரமாட்டேங்குது" என்று அவரும் சிரிப்பார்.

அவர் கண்டது என்ன? பெண் மீன் தானே தேடித் துணையைப் பிடிக்கலாம். அல்லது இன்னொருத்தி எந்த ஆணோடு நிற்கிறாள் என்று பார்த்து, அவனையே பிடிக்கலாம். சில மீன்கள் அப்படிச் செய்தால் நேரம் மிச்சம். எல்லா மீன்களும் செய்தால்? முதல் மீன் சும்மா போய் நின்ற இடத்தில் இருந்த சோப்ளாங்கிதான் தொட்டிக்கே மாப்பிள்ளை. அப்புறம் தலைமுறை தலைமுறையாக அவன் பிள்ளைகள்தான் பெருகும். "பார்த்துச் செய்யறது தப்பில்ல சார். எல்லாரும் பார்த்தே செஞ்சா, யாருதான் முதல்ல பார்த்தது?" என்று கேட்பார்.

வீட்டிலும் இதை விடவில்லை. தங்கைக்கு ஒரு வரன் வந்தது. "பெரிய இடத்துலயே அவரை மாப்பிள்ளையாக் கேட்டாங்களாம்கா" என்று தங்கை சொல்ல, "அவங்க பார்த்தாங்க, சரி. நீ பார்த்தியாடி?" என்றாராம். தங்கை பார்த்தார், வேண்டாம் என்றுவிட்டார். இன்று நன்றாக இருக்கிறார்.

ஒருமுறை அவர் கணக்கும் என் மீன்களும் ஒத்துப்போகவில்லை. கதவோரத் தொட்டியில் மட்டும் மீன்கள் கணக்கைவிட அதிகமாகக் காப்பியடித்தன. வேறொருவராக இருந்தால் மீன் மேல் பழி போட்டிருப்பார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். வராந்தாவில் ஆட்கள் நடக்கும்போதெல்லாம் தண்ணீரில் நிழல் விழுந்தது. "பயம் சார். பயந்த மீன் தேடாது, பக்கத்து மீனைத்தான் பார்க்கும். நான் பயத்தைக் கணக்குல சேர்க்கவே இல்ல" என்றார். அதைச் சேர்த்து எழுதிய சமன்பாட்டுக்கான பரிசோதனைதான் இப்போது பாதியில் நிற்கிறது.

அந்த மீன் அறையை நாம் என்ன செய்யப்போகிறோம்? போன வாரம் ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுத்தாயிற்று. தொட்டிகளை அப்புறப்படுத்திவிட்டு உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டு வைக்கப்போகிறோம். "இடம் தேவைப்படுதே" என்றார் முதல்வர். ஒருவர் தலையாட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர் ஆட்டினார். நான் கத்தியது செவிடன் காதில் ஊதிய சங்கு. வெளியே வந்ததும் மூன்று பேர் தனித்தனியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இஷ்டமில்ல சார். எல்லாரும் சரின்னாங்களே" என்றார்கள். யாரய்யா அந்த எல்லாரும்?

தொட்டியை நகர்த்தினால் அவர் வேலை அத்தோடு போயிற்று. படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் கேள்வியைக் குப்பையில் போடுவதா? அறை இருந்தால் மிச்சப் பரிசோதனையை நான் முடிப்பேன். கணக்கு சரியென்று வந்தாலும் தப்பென்று வந்தாலும் அவர் பெயரில் வெளியிடுவேன். தப்பை மறைத்தால் அவர் என்னை மன்னிக்கமாட்டார்.

முதல்வர் இப்போது இரங்கல் தீர்மானம் வாசிப்பார். மீன் அறை அப்படியே இருக்கட்டும் என்று அதில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன். கை தூக்கி முடிவு செய்வோம். அதற்கு முன் எல்லோரும் கண்ணை மூடுங்கள். முதல்வர் ஐயா, நீங்களும்தான். பக்கத்தில் இருப்பவர் கை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். தங்கச்சி, நீ மட்டும் கண்ணைத் திறந்து வெச்சுக்கம்மா. நீதான் எண்ணணும்.

மூடியாயிற்றா? இப்போது தூக்குங்கள்.