பழகிவிட்ட மீன்

லிங்கராஜபுரத்திலிருந்து வைட்ஃபீல்டுக்குத் தினமும் அந்த நெரிசலில் கார் ஓட்டுகிறவன் கோபக்காரனாக இருக்க முடியாது, இன்ஸ்பெக்டர். என்னைச் சாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஆய்வகத்தில் ஒரு தும்பிக்கை மீன் இருந்தது. உடலிலிருந்து மெல்லிய மின்துடிப்புகளை விட்டு, கலங்கல் நீரிலும் சுற்றிலும் இருப்பதை அறிந்துகொள்ளும். ஸ்பீக்கரில் இணைத்தால் டிக், டிக் என்று கேட்கும். தொட்டிக்குள் புதிதாக எதையாவது வைத்தால் துடிப்பு எகிறும். அதையே திரும்பத் திரும்ப வைத்தால் பழகிவிடும். பிறகு சட்டை செய்யாது. இவ்வளவுதான் என் வாழ்நாள் ஆராய்ச்சி.

ரூபினி என்னிடம் வேலை பார்த்த பெண். கெட்டிக்காரி. வெளியூர்ப் பேராசிரியர்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்தார்.

"சார், மீன் புதுப் பொருளுக்குத் துடிக்கல. அதை வைக்க நீங்க கிட்ட வர்றீங்கல்ல, அதுக்குத்தான் துடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருந்தன்மை என் சுபாவம்.

ஆனால் என் முடிவு சரி என்று காட்டியாக வேண்டுமே. மீனின் சாட்சி செல்லாது என்று அவரே சொல்லிவிட்டதால், வேறு உயிர்கள் தேவைப்பட்டன.

தொட்டியில் லேசாக மின்சாரம் கசியவிட்டேன். முதல் நாள் மீன் படபடத்தது. இரை போடக் கை நனைத்த ரூபினியும் படபடத்தார்.

"சார், தண்ணியில ஷாக் அடிக்குது."

உடனே எலெக்ட்ரீஷியன் முனிராஜைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் கசிவை நிறுத்திவிட்டேன்.

"ஏனில்லா மேடம், ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் முனிராஜ்.

மறுபடி கசிவு, மறுபடி புகார். நாளாக ஆக முனிராஜ் போனை எடுப்பதில்லை. மீன் படபடப்பதில்லை. கடைசியில் ரூபினியும், "சுர்ருங்குது சார், பழகிப்போச்சு" என்று சிரித்தார். அன்று எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா?

அதோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டால் அது அரைகுறை ஆய்வு. செவ்வாய்க்கிழமை காலை கசிவைக் கூட்டிவைத்தேன். ரூபினி கொஞ்சமும் தயங்காமல் கையை விட்டார்.

ஆம், நான்தான் கொன்றேன். அவருடைய அம்மா வந்து கதறியபோதுகூட நிதானம் தவறவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்தேன். ஆனால் திரும்பிப் பார்த்தால், மீனும் மல்லாந்து மிதக்கிறது. அங்கேதான் உடைந்துபோய் அழுதுவிட்டேன்.

அது என்ன பாவம் செய்தது, சொல்லுங்கள்.