சேர்வரில் கோளாறு இல்லை

வெள்ளிக்கிழமை மதியம் மாத்தளை டவுனில் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது. ஜும்ஆத் தொழுகைக்குப் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். எங்கள் அலுவலகத்திலும் ரிஸ்வியும் றம்ஸீனும் பள்ளிக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு சாப்பாட்டறையில் இருப்பார்கள். யாருக்கும் இடைஞ்சல் வராத நேரம் என்பதால்தான் பராமரிப்பு வேலைக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். நான் மற்றவர்களை யோசித்து நடக்கிற ஆள்.

என் பெயர் தில்லையம்பலம் ஆரூரன். எல்கடுவைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனியின் மாத்தளை அலுவலகத்தில் கொம்பியூட்டர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சேர்வரில் உள்ள அத்தனைக்கும் வாரத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்துவைக்க வேண்டும். பெக்கப் என்பது அதுதான். அதற்கு எல்லோரும் சிஸ்டத்தைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் அந்தக் கோப்பு விடுபட்டுப்போகும். தொடக்கத்தில் சிலர் திரையை மட்டும் அணைத்துவிட்டு, “ஓஃப் பண்ணிட்டேன் சேர்” என்பார்கள். கோபப்படாமல் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் பழகிக்கொண்டார்கள், றமீஸாவைத் தவிர.

றமீஸா தோட்டத்து மக்களின் நலனுக்குப் பொறுப்பான அதிகாரி. மலையில் வைத்திருக்கும் மழைமானிகளின் அளவு அவருடைய திரைக்கு வரும். மழை கடுமையானால் லயங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களின் போன்களுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்புவதும் அவர்தான். கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன். பெருநாளைக்கு எனக்கென்று தனியாக வட்டிலப்பம் கொண்டுவருவார். ஆனால் வெளியேறச் சொன்னால், “கொஞ்சம் இருங்க சேர், மலையில மழை பேயுது” என்பார். மலையில் எப்போதுதான் மழை பெய்யவில்லை?

போன வருடம் சேர்வரின் டிஸ்க் பழுதானது. எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன். றமீஸாவின் கோப்பு மட்டும் இல்லை. திறந்தே கிடந்தால் எப்படி இருக்கும்? மெனேஜர் என்னை எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்து, இவ்வளவு நாளும் அந்த அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு நித்திரையா கொண்டாய் என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். றமீஸா சிரிக்கவில்லை. தான் வெளியேறாததால் வந்தது என்று சொல்லவுமில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சிரித்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

விசாரணைக்காக நீங்கள் கேட்கும் அந்த வெள்ளிக்கிழமை நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை. மூன்று மொழியிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். எல்லாத் திரைகளிலும் அறிவித்தல் வந்தது. எல்லோரும் வெளியேறினார்கள், ஒருவரைத் தவிர. ஒருவரைத் துண்டிக்கமுன் அவருடைய திரையை என் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது ஒழுங்கு. பார்த்தேன். பிறகு துண்டித்தேன். திரும்ப நுழைவார் என்று தெரியும், அதனால் அவருடைய கணக்கையும் பூட்டினேன். அவர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பது எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. சேர்வர் அறைக் கதவையும் உள்ளே தாழிட்டேன். திறந்தால் குளிர் வெளியே போய்விடும்.

கதவைத் தட்டினார்.

“ஆரூரன் சேர், ஒரு மெசேஜ் மட்டும். ஒண்டே ஒண்டு.”

“பெக்கப் ஓடுது மிஸ். முடிஞ்சதும் விடுறன்.”

“கோல் எடுத்தாப் போகுதில்ல. மேல சிக்னல் சரியில்ல. மெசேஜ்னா எப்படியும் போய்ச் சேரும்.”

“நோட்டீஸ் ஒட்டினனான்தானே மிஸ்.”

அவர் படியில் இறங்கி ஓடுவது கேட்டது. ஒரு த்ரீவீலரை மறித்து எல்கடுவை ரோட்டில் ஏறினார் என்றும், வளைவில் மரம் விழுந்து கிடந்ததால் அங்கிருந்து மழைக்குள் நடந்தார் என்றும் பிறகுதான் அறிந்தேன். அவர் நடந்துகொண்டிருந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெக்கப் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. அதற்கு முன்பு ஒருநாளும் அப்படி முடிந்ததில்லை.

மண் சரிந்து விழுந்தது பிள்ளைக்காம்பராவுக்கு மேல். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. அன்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் செல்வமலர் என்ற பெண். அவருடைய போன் கடைசிவரை வேலை செய்துகொண்டிருந்ததாம், தோண்டி எடுத்தவர்கள் சொன்னார்கள். தாய்மார் மழைக்குப் படங்கைப் போர்த்திக்கொண்டு அடுத்த மலையில் நின்றதால் தப்பிவிட்டார்கள். அதை யாரும் பேசுவதில்லை. சரிவுக்குக் கீழே அந்தக் கட்டடத்தைக் கட்டியவரை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவுமில்லை.

அறிக்கையில் தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அப்படியே விட்டுவிடு, ஒருவருக்கும் பாதிப்பில்லை என்று மெனேஜரும் சொன்னார். என்னால் முடியாது. தயவுசெய்து அதை வெட்டுங்கள். என் பொறுப்பில் உள்ள எதிலும் அன்று கோளாறு இருக்கவில்லை. சேர்வர் சொன்னதைச் செய்தது. சொன்னவன் நான். நித்திரையில் இருக்கவில்லை, முழு விழிப்போடு இருந்தேன். வருகிற வெள்ளிக்கிழமையும் ஒருவர் வெளியேறாமல் இருந்தால் துண்டிக்கத்தான் செய்வேன். ஒருவருக்கு ஒழுங்கைத் தளர்த்தினால் பிறகு அது ஒழுங்கே இல்லை.

நான் இரக்கமில்லாதவன் என்று அலுவலகத்தில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது பொய். போன கிழமை றமீஸா என்னைத் தேடி வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. பெக்கப் தொடங்கியதும் கோளாறில் சிஸ்டம் தானாக விழுந்துவிட்டது என்றுதான் அவருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

“நான்தான் சுணங்கிட்டேன் சேர்” என்றார். “லயத்துப் பேரை ரெண்டு தரம் பிழையா அடிச்சேன். அதை அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டு இருந்துட்டேன். டக்கெண்டு முடிச்சிருந்தா சிஸ்டம் விழ முந்திப் போயிருக்கும். கண்ணை மூடினா அதுதான் சேர் வருது.”

ஒரு தவறும் செய்யாத மனுசி தன்னையே தின்றுகொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“இல்லை மிஸ், நீங்கள் சுணங்கேல்லை” என்றேன். “எழுதி முடிச்சிட்டீங்கள். பிள்ளையளை உடன கோயிலடிக்குக் கொண்டுபோங்க எண்டு செல்வமலருக்கு வடிவா விளங்குற மாதிரி எழுதியிருந்தீங்கள். அனுப்புறது மட்டும்தான் மிச்சம். நான் முழுக்க வாசிச்சிட்டுத்தான் நிப்பாட்டினனான்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

தன்மேல் பிழையில்லை என்று தெரிந்தால் அவருடைய மனம் ஆறும் என்றுதான் சொன்னேன். அந்த ஆறுதலைச் சொல்ல அவருக்கு என்னைவிட்டால் வேறு ஆள் இருக்கவில்லை.